கம்பியில் பறக்க கால் எதற்கு?

சென்னையில் மனுஷன் கம்பியில் தொங்கிப் பறக்க ஆரம்பித்து விட்டான்.

கதீட்ரல் ரோட்டில், செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே, கலைஞர் நூற்றாண்டு பூங்கா 2024 அக்டோபர் 7-ந் தேதி திறக்கப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 6 ஏக்கர் சொச்சம் இடம். 46 கோடி ரூபாய் செலவு. கண்ணாடி மாளிகை, பறவைக் கூடம் என்று என்னென்னமோ இருந்தாலும், ஊர் முழுக்கப் பேசியது 500 மீட்டர் ஜிப்லைனைப் பற்றித்தான். திறந்தபோது ஒரு தடவை பறக்க பெரியவர்களுக்கு 250 ரூபாய், சிறுவர்களுக்கு 200 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். சில நாளிலேயே பெண்கள் இருவர் பாதி வழியில் அந்தரத்தில் நின்று போய், ஊழியர்கள் மீட்ட செய்தியும் வந்தது.

அது போகட்டும். இங்கே பேச்சு வேறு.

ஒரு குடும்பம் இப்படி ஒரு ஜிப்லைனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 2 பிள்ளைகள். கூட மாமா. மாமாவுக்குச் சின்ன வயதில் போலியோ. ஒரு கால் சூம்பி விட்டது. கக்கத்தில் கட்டை ஊன்றி நடப்பார். பாரிமுனையில் ஜெராக்ஸ் கடை. பிள்ளைகளை அழைத்து வந்ததும் அவர்தான், டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டியதும் அவர்தான்.

கவுண்டரில் இருப்பவர் கட்டையைப் பார்க்கிறார்.

"சார், நீங்க அப்படி பெஞ்சுல உக்காருங்க. பசங்க பறந்துட்டு வரட்டும்."

சொன்னவர் கெட்டவர் அல்ல. மாமாவின் நல்லதுக்குத்தான் சொல்கிறார். மாமாவும் பேசாமல் போய் உட்கார்ந்து விடுவார். 4 ஜோடி செருப்புக்கும் ஒரு ஹேண்ட் பேக்குக்கும் காவல். 40 வருஷமாக எல்லா இடத்திலும் பார்த்த வேலைதானே!

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கம்பியில் தொங்குகிறவனுக்கு கால் எதற்கு?

அந்தரத்தில் என்ன நடக்கிறது?

ஜிப்லைன் ஒன்றும் பெரிய மாயம் இல்லை. ஒரு பக்கம் உயரம், மறு பக்கம் தாழ்வு. நடுவே இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிவடம். அதன் மேல் உருளும் கப்பி. கப்பியில் கொக்கி. கொக்கியில் பெல்ட். பெல்ட்டுக்குள் ஆள். தலையில் ஹெல்மெட். மோட்டார் கிடையாது, என்ஜின் கிடையாது. கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, ஆளின் எடையே ஆளைக் கொண்டு போகிறது.

பறக்கிற நேரத்தில் கால் சும்மா தொங்குகிறது. ஓட்டப் பந்தய வீரனுக்கும் சும்மா, மாமாவுக்கும் சும்மா.

கால் வேலை செய்வது 2 இடத்தில்தான். ஏறும்போது படியில். இறங்கும்போது மேடையில். சில இடங்களில் வந்து சேருகிறவர் நாலு எட்டு ஓடி நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஆளைப் பிடித்து நிறுத்த 2 ஊழியர்கள் நின்றால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

சரி, பாதியில் நின்று போனால்? எடை குறைவாக இருந்தாலோ எதிர்க்காற்று அடித்தாலோ சில சமயம் நிற்கும். அப்போது கம்பியைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் ஊழியர் போய் இழுத்து வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் உதவுவது கைதான். வருஷக் கணக்காக மூன்று சக்கர வண்டியைக் கையால் மிதித்தவரின் தோளைப் பாருங்கள். ஏ.சி. ரூமில் பைல் புரட்டுகிறவரின் தோளையும் பாருங்கள். யார் தேறுவார் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

காட்டில் பிறந்த வேலை

இந்தக் கம்பி விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா நாட்டின் காடுகளில் இருந்து. 1970-களில் டொனால்டு பெர்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, மர உச்சியில் வாழும் பூச்சிகளையும் செடிகளையும் ஆராய்வதற்காக அங்கே கயிறு கட்டி ஏறினார். ஒரு மரத்தில் இருந்து இன்னொரு மரத்துக்குக் கயிற்றிலேயே போனார். பிறகு 1990-களில் மாண்டிவர்டே மலைக்காட்டில் அதையே சுற்றுலா ஆக்கினார்கள்.

காடு என்றால் வேர், பாறை, சேறு, வழுக்கல். நல்ல கால் உள்ளவனே தடுமாறுவான். அங்கேயும் மாண்டிவர்டேயில் ஓரிடத்தில் பயணிகளைத் தொங்கு பெட்டியில் மேலே ஏற்றி, ஜிப்லைனில் கீழே விடுகிறார்கள். இடையில் உள்ள மேடைகளில் படிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மலை ஏறுகிற பெரிய பாடு மிச்சம். தனியாகப் போக முடியாதவரை வழிகாட்டி தன்னோடு சேர்த்துக் கட்டி அழைத்துப் போகிற வழக்கமும் அந்த நாட்டில் உண்டு.

உடல் குறை உள்ளவர்களுக்குச் சம வாய்ப்பு தர அங்கே 1996-ல் சட்டம் வந்தது. 7600-ம் எண் சட்டம். மானுவல் அந்தோனியோ என்ற தேசியப் பூங்காவில் சக்கர நாற்காலி போக காட்டுக்குள் பலகைப் பாதை இருக்கிறது. குடித்துப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளைச் சேகரித்து, உருக்கிப் பலகையாக்கி, கடற்கரை மணலில் பாதை போட்டிருக்கிறார்கள். நம் ஊர் டீக்கடை வாசலில் மூடிக்குப் பஞ்சமா?

எல்லோரையும் ஏற்று என்பதா?

இல்லை. கழுத்து நிற்காதவர், எலும்பு நொறுங்கும் நோய் உள்ளவர், இருதயக் கோளாறு உள்ளவர், ஆபரேஷன் ஆகி சில வாரமே ஆனவர், இவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். தடுக்காவிட்டால் அதுதான் தப்பு.

ஆனால் கட்டையைப் பார்த்தவுடன் "வேண்டாம்" என்பது வேறு. போலியோ வந்த காலில் பலம் இருக்காது, தொட்டால் உணர்ச்சி இருக்கும். பெல்ட் அழுத்தினால் "வலிக்குது" என்று அவரே சொல்லி விடுவார். முதுகுத்தண்டில் அடிபட்டவர் கதை அப்படி அல்ல. இடுப்புக்குக் கீழே பெல்ட் கடித்தாலும் அவருக்குத் தெரியாது. பிறகு புண்ணாகி மாதக் கணக்கில் படுக்கையில் போட்டு விடும். அவருக்குத் தொடைக்கு அடியில் மெத்தை வைக்க வேண்டும். நெஞ்சையும் சேர்த்துக் கட்டுகிற முழு உடல் பெல்ட் வேண்டும். 2 கால்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது ஆடி, மேடையில் மோதும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை பிடிக்காது. அவர் கூட ஒருவர் போக வேண்டும்.

இதெல்லாம் ராக்கெட் வித்தை அல்ல. பெல்ட் மாட்டுகிற பையனுக்குச் சொல்லிக் கொடுத்து, 4 பேருக்கு மாட்டிப் பழக விட்டால் கை தானாக வந்து விடும். "உங்களுக்கு என்ன கஷ்டம்? எங்கே உணர்ச்சி இல்லை? எப்படித் தூக்கினா வசதி?" என்று வந்தவரையே கேட்பதுதான் முதல் பாடம்.

முட்டி போனவர்களும் இருக்கிறார்கள். காலையில் இருந்து ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்து, 50 வயதில் படி ஏற முடியாத கடைக்காரர்கள் எத்தனை பேர்! மின்சார ரெயிலில் நின்றே போய் நின்றே வந்து கால் வீங்கிப் போன குமாஸ்தாக்கள் எத்தனை பேர்! இவர்கள் யாரும் மாற்றுத்திறனாளி கணக்கில் வர மாட்டார்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். மாடிப்படியைக் கண்டு மலைப்பவர்கள் அதற்கும் மேலே.

படிதான் வில்லன்

சென்னை சமதரை. இங்கே ஜிப்லைனுக்கு உயரம் வேண்டுமானால் கோபுரம் கட்டித்தான் ஆக வேண்டும். காட்டில் மலையை ஆண்டவன் வைத்தான். நகரத்தில் படியை வைப்பது என்ஜினீயர். ஆண்டவனிடம் கேட்க முடியாது. என்ஜினீயரிடம் கேட்கலாம்.

புதுக் கட்டடம் எழும்பும் எந்தத் தெருவிலும் பாருங்கள். ஜல்லியும் சிமெண்ட் கலவையும் மெஷினில் 4-வது மாடிக்குப் போகிறது. கலவைக்கு லிப்ட் உண்டு. மனுஷனுக்குக் கிடையாதா? ஜிப்லைன் கோபுரத்தில் ஏற்கனவே கம்பி உண்டு, கப்பி உண்டு, பெல்ட் உண்டு. தரையிலேயே பெல்ட்டை மாட்டி, அதற்கென்றே உள்ள மெஷினால் ஆளைத் தூக்கி மேடையில் வைத்தால் வேலை முடிந்தது.

2 பேர் தோளில் தூக்கிக் கொண்டு படி ஏறுவது வழி அல்ல. மாமா அரிசி மூட்டை அல்ல. தூக்குகிறவர் கால் இடறினால் 3 பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

பழனி மலைக்கு விஞ்ச் ஓடுகிறது. 2004-ல் ரோப் காரும் வந்து விட்டது. படி ஏற முடியாத பாட்டி விஞ்சில் போய் முருகனைக் கும்பிட்டு வருகிறார். "கால் முடியாத கிழவிக்கு மலை எதுக்கு?" என்று யாராவது கேட்டதுண்டா? சாமி என்றால் வழி கண்டு பிடிக்கிறோம். சந்தோஷம் என்றால் மட்டும் "உனக்கு எதுக்குப்பா இந்த வம்பு?" என்கிறோம்.

மெரினாவிலும் இதே பேச்சுதான் இருந்தது. கடல் அலையைத் தொட்டுப் பார்க்காமலே சென்னையில் வயதானவர்கள் உண்டு. மணலில் சக்கரம் உருளாது. 2022 நவம்பர் 27-ந் தேதி மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலைக்குப் பக்கத்திலே போய் நின்றார்கள். 2 வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் பாதையை உடைத்துப் போட்டது. அதற்காக "போனது போகட்டும்" என்று விட்டு விடவில்லை. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். புயல் அடித்த இடத்திலேயே வழி போட முடிந்தது. கோபுரத்தில் முடியாதா?

சட்டத்தில் இருக்கிறது

2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 29-வது பிரிவைப் பிரித்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நடனம், சாரணர் பயிற்சி, வெளியிட முகாம், சாகச நிகழ்ச்சிகள் இவற்றில் மாற்றுத்திறனாளிகள் பங்கு பெற அரசும் உள்ளாட்சியும் வசதி செய்து தர வேண்டும் என்று எழுதி இருக்கிறது. சாகசம் என்ற சொல் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. யாரும் கருணை காட்ட வேண்டியது இல்லை.

2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் ஒரு போடு போட்டது. மாற்றுத்திறனாளிகள் வந்து போகும் வசதி பற்றிய விதிகள் வெறும் யோசனையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. விதி வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது. சென்னையில் ஜிப்லைன் பூங்கா திறந்து ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து வந்த தீர்ப்பு இது.

அந்தப் பூங்காவுக்கு வைத்திருக்கும் பெயரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். "ஊனமுற்றோர்" என்ற சொல்லை மாற்றி "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல்லை அரசாங்கத் தமிழில் கொண்டு வந்தவர் கருணாநிதி. 2009-ல் முதுகில் ஆபரேஷன் நடந்த பிறகு சக்கர நாற்காலியிலேயே மேடைக்கும் சட்டசபைக்கும் போனவர். அவர் பெயரில் உள்ள இடத்தில் மற்ற எல்லா ஜிப்லைனுக்கும் முன்மாதிரி காட்ட வேண்டாமா? தோட்டக்கலைத் துறை அதிகாரிகள் ஒரு நாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டில் இருந்து ஜிப்லைன் மேடை வரை தாங்களே போய்ப் பார்க்கட்டும். எங்கே சக்கரம் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு விட்டு வரட்டும்.

தூக்கும் மெஷினுக்கு டெண்டர் விட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், நாள் ஆகும். அதுவரை ஒரு போர்டாவது வைக்கலாம். ஏறுவதற்கு எத்தனை படி, எடை எத்தனை கிலோவில் இருந்து எத்தனை கிலோ வரை, முழு உடல் பெல்ட் இருக்கிறதா, கூட ஒருவர் வரலாமா, எந்த நோய் உள்ளவர் ஏறக் கூடாது, எந்த போன் நம்பரில் கேட்க வேண்டும். இவ்வளவையும் கவுண்டருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். மாமா அதைப் படித்து விட்டு, பறப்பதா பெஞ்சில் உட்காருவதா என்று அவரே முடிவு செய்து கொள்வார்.