தாய்மொழியில் பேசினால் சிறையா?

கென்ய நாட்டுப் பெரும்புதின ஆசிரியர் கூகி வா தியாங்கோ 2025 மே 28ஆம் நாள், தாம் பிறந்த மண்ணினின்று நெடுந்தொலைவில், அமெரிக்க நாட்டில் மறைந்தார். அவர்க்கு அகவை 87. நோபல் பரிசு அவர்க்குக் கிட்டாமற் போனது குறித்துச் செய்தித்தாள்கள் இரங்கி எழுதின. பரிசு கொடுப்பாரும் பெறுவாரும் உலகில் என்றும் உளர். அவர்க்குக் கிட்டிய வேறொன்றைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம். அஃது ஏறத்தாழ ஓராண்டுக் காலச் சிறை. அச்சிறை எதற்காக வாய்த்தது என்பதைத் தமிழர் ஒவ்வொருவரும், குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதினால்தான் ஆட்சி அசையும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் கற்றறிந்த பெருமக்கள், ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

1977 சூலையில் கூகியின் ஆங்கிலப் புதினமொன்று வெளிவந்தது. 'குருதி இதழ்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வெள்ளையர் வெளியேறிய பின் அவர்தம் நாற்காலிகளில் ஏறி அமர்ந்த கறுப்பு முதலாளிகள், விடுதலைக்காகக் குருதி சிந்திய மக்களை எவ்வாறு காட்டிக்கொடுத்துக் கொழுத்தனர் என்பதை ஒளிவுமறைவின்றி அந்நூல் எடுத்துரைத்தது. அரசு சினந்ததா? இல்லை. அற்றை நிதியமைச்சர் முவாய் கிபாக்கியே விழாவெடுத்து அந்நூலை வெளியிட்டார்! அந்நாட்டு உழவனும் தேயிலைத் தோட்டத்துக் கூலியாளும் அதனை ஒருநாளும் படிக்கப் போவதில்லை என்பது அமைச்சர்க்குத் தெரியும். ஆங்கிலம் அறிந்த சிலர் தமக்குள் பேசிக் கலையும் பேச்சாக அது முடிந்துபோகும். ஆட்சிக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை. தன்னைக் குறைகூறுவோரையும் பொறுத்துக்கொள்ளும் ஆட்சி என்னும் பெயர் வேறு வெளிநாடுகளில் கிட்டும்.

இது நடந்து ஆறு திங்கள் கழியுமுன்னரே அதே கூகி சிறைக்குள் கிடந்தார். இடையில் நடந்தது இதுதான்.

நைரோபி நகருக்கு அருகே இலிமுரு வட்டாரத்தில் உள்ள கமிரீத்து என்னும் சிற்றூர் கூகி பிறந்த ஊராகும். 1976இல் ஒருநாள் காலை அவ்வூர்ப் பெண்ணொருத்தி அவர் வீடு தேடி வந்தாள். 'நீ நிறையப் படித்தவன், நூல்கள் எழுதுகிறவன், அந்தக் கல்வியில் கொஞ்சம் ஊருக்கும் தரக் கூடாதா?' என்னும் பொருள்படக் கேட்டாள். அவர் தட்டிக் கழிக்கவும், விடாமல் மீண்டும் மீண்டும் வந்து கேட்டாள். பல்கலைக்கழகத்தில் இலக்கியத்துறைத் தலைவராக வீற்றிருந்த ஒருவரை வழிக்குக் கொண்டுவந்தவள் எழுத்துலகம் பெயரறியாத அந்த ஊர்ப்பெண்ணே. பின்னர் அங்கு முதியோர் கல்வி தொடங்கிற்று. கல்வியைத் தொடர்ந்து நாடகம் வந்தது. கூகி வா மிரீ என்பாருடன் இணைந்து கூகி அதனைக் கிகூயு மொழியில் எழுதினார். 'விரும்பும்போது மணந்துகொள்வேன்' என்பது அந்நாடகப் பெயரின் பொருள்.

கதை எளியது. கிகூண்டா என்னும் ஏழை உழவனிடம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் உரிமை ஆவணத்தைச் சுவரில் மாட்டி வைத்துப் பேணுகிறான். பெருஞ்செல்வனான கியோய் அவனிடம் வந்து, நீயும் நின் மனைவியும் கிறித்தவக் கோயிலில் முறைப்படி மணந்துகொள்ளுங்கள் என்று தூண்டுகிறான். அத்திருமணச் செலவுக்கு நிலத்தை ஈடுகாட்டி வங்கியில் கடன்பெற வைக்கிறான். கடன் அடையவில்லை, நிலம் பறிபோகிறது. அயல்நாட்டு முதலாளிகளின் தொழிற்சாலைக்கு அந்நிலம் வேண்டியிருந்தது என்பதே சூழ்ச்சியின் வேர்.

இந்நாடகத்தை நடித்தவர்கள் யார் என்பது இன்னும் கருதத்தக்கது. பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் உழைத்தவரும், தோட்டக் கூலிகளும், உழவரும், வேலையற்ற இளைஞருமே நடித்தனர். எழுதிய பாடத்தை ஊரார்முன் படித்துக் காட்டியபோது, இன்ன முதியவர் இவ்வாறு பேசமாட்டார், இந்தப் பாட்டு இப்படியன்று என்று அவர்கள் திருத்தினர். மாவ் மாவ் விடுதலைப் போரில் நின்றவர்கள் தம் பட்டறிவைக் கொண்டுவந்து சேர்த்தனர். கூகியோ, தம் மொழியைத் தாமே மீண்டும் கற்றுக்கொள்ளும் மாணவரானார். இரண்டாயிரவர் அமரத்தக்க திறந்தவெளி அரங்கை ஊரார் தம் கையாலேயே எழுப்பினர். 1977 அத்தோபர் 2ஆம் நாள் நாடகம் அரங்கேறிற்று. அயலூர்களினின்று வண்டிகளை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மக்கள் திரண்டனர். மேடையில் நின்றது அவர்கள் வாழ்க்கை. ஒலித்தது அவர்கள் மொழி.

ஏழு கிழமைகூட ஆகவில்லை. நவம்பர் 16ஆம் நாள் மாவட்ட ஆட்சியாளர் உரிமத்தைப் பறித்தார். திசம்பர் 31ஆம் நாள் பிறந்த நள்ளிரவில் படைக்கலம் தாங்கிய காவலர் கூகியின் வீட்டுக்குள் புகுந்து, நூல்களை அள்ளிக்கொண்டு, அவரையும் இட்டுச் சென்றனர். குற்றச்சாட்டு இல்லை, உசாவல் இல்லை, தீர்ப்பும் இல்லை. கமிட்டி என்னும் கடுங்காவற் சிறையில் பெயர் போய் 'கே6,77' என்னும் எண்ணாயினார். விடுதலை மறவன் தேடான் கிமாத்தியை 1957இல் வெள்ளையர் தூக்கிலிட்டதும் அதே சிறையில்தான்.

சிறையிட்டவர் வெள்ளையர் அல்லர். குடியரசுத் தலைவர் யோமோ கென்யாத்தாவும் கிகூயு மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர். 1952இல் வெள்ளையரால் தளைப்படுத்தப்பட்டு 1961 வரை ஒன்பதாண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். அவர் ஆட்சியில்தான், தம் மொழியில் தம் மக்களோடு பேசிய புலவர் உசாவலின்றி அடைக்கப்பட்டார். தன்னினத்தான் ஆண்டால் போதும், மொழியும் உரிமையும் தாமே வந்தெய்தும் என்று எண்ணுவார் இவ்விடத்தில் சற்றே நின்று செல்லல் நன்று.

அதே நாட்டில் அவர்க்கு முன்பே மற்றொருவர் இவ்வழி சென்றார். சுவாகிலிப் பாவலர் அப்திலத்தீபு அப்தல்லா, 'கென்யா, நாம் எங்குச் செல்கின்றோம்?' என்று கேட்டுத் துண்டறிக்கை எழுதியமைக்காக 1969 முதல் 1972 வரை சிறையிலிருந்தார். சிறையில் அவர் கமுக்கமாக எழுதிய பாக்கள் 1973இல் நூலாயின. அந்நூலுக்கு 1974இல் வழங்கப்பட்ட பரிசின் பெயர் என்ன தெரியுமா? யோமோ கென்யாத்தா இலக்கியப் பரிசு!

கூகி சிறையிலேயே ஒரு முடிவுக்கு வந்தார். கிகூயு மொழியில் நாடகம் எழுதியதற்கா சிறை? ஆயின் இனிப் புதினமும் கிகூயுவிலேயே. எழுதுதாள் தரப்படாத நிலையில், கழிப்பறைக்கெனத் தரப்பட்ட முரட்டுத் தாளில் எழுதினார். ஒருகால் காவலர் அவற்றையெல்லாம் பறித்துக்கொண்டு போய்ச் சில கிழமைகள் கழித்தே திருப்பித் தந்தனர். இளமையில் பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் பிரம்படி பட்டதையும், 'நான் கழுதை' என்னும் பொருள்பட எழுதிய தகட்டைக் கழுத்தில் சுமந்ததையும் கண்டு வளர்ந்தவர் அவர். (நம் நாட்டு ஆங்கிலப் பள்ளிகளில் தமிழ் பேசிய பிள்ளைகளிடம் தண்டத்தொகை வாங்குவோர் இதைப் படிப்பாராக.) ஆங்கில அரசு அத்தகட்டை மாட்டியது, விடுதலை அரசு சிறைக்கதவை மூடியது. இரண்டும் அஞ்சியது ஒன்றற்கே.

1978 ஆகத்தில் கென்யாத்தா மறைந்தார். அடுத்து வந்த தானியேல் அரப் மோய் அவ்வாண்டு திசம்பர் 12ஆம் நாள் கூகியை விடுவித்தார். பேராசிரியப் பணி திரும்பக் கிடைக்கவில்லை. 1982 மார்ச்சில் காவலர் மூன்று சரக்குந்துகளில் வந்து கமிரீத்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்வாண்டே கூகி நாடிழந்தார். 1986இல் அவர்தம் 'மாத்திகாரி' வெளிவந்தது. உண்மையும் முறையும் எங்கே என்று கேட்டுக்கொண்டே நாடெங்கும் அலையும் ஒருவனின் கதை அது. மக்கள் அவனைப் பற்றியே பேசக் கண்ட ஆட்சியாளர், எவனோ ஒரு கலகக்காரன் என்று கருதி அவனைத் தளைப்படுத்த ஆணையிட்டனராம்! அவன் கதைமாந்தன் என்று தெரிந்தபின், 1987இல் நூலையே கடைகளினின்று வாரிச் சென்றனர். அறிவிலா ஆட்சி என்று நாம் நகைக்கலாம். ஆனால் மக்கள் மொழியில் பிறந்த ஒரு கதைமாந்தனுக்கு அத்துணை வலிமை உண்டு என்பதை அவ்வாட்சி செவ்வனே அறிந்திருந்தது.

நாடகத்துக்கு உரிமம், பாட்டுக்குத் தடை, உசாவலற்ற சிறை ஆகிய மூன்றும் ஆங்கிலேயன் தான் ஆண்ட நாடுகளிலெல்லாம் விட்டுச் சென்ற கருவிகள். இங்கும் 1876இல் அவன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றினான். அவன் போனபின், 1954இல், எம். ஆர். இராதாவின் நாடகங்களைக் கண்டஞ்சிய சென்னை அரசு தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. சாராயக் கடைகளைப் பற்றி ஆங்கில நாளேடுகள் எத்துணையோ எழுதின, அரசு கண்டுகொள்ளவில்லை. அக்கடைகளை மூடச் சொல்லித் தெருவில் தமிழில் பாடிய கோவனை, 2015 அத்தோபர் 30ஆம் நாள் விடியுமுன் திருச்சிராப்பள்ளியில் அவர் வீட்டிலேயே தளைப்படுத்தினர். வெள்ளையன் செய்த அரசெதிர்ப்புச் சட்டப் பிரிவே அதற்கும் கைகொடுத்தது. கமிரீத்து நமக்கு அத்துணைத் தொலைவில் இல்லை.

கூகி சிறைத்தாளில் எழுதிய அப்புதினம் 1980இல் கிகூயு மொழியில் வெளிவந்தபோது, எழுத்தறியாத மக்களும் அதனைக் கேட்டறிந்தனர். வீடுகளில், பேருந்துகளில், குடிக்கடைகளில்கூடப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டனர். அந்நூல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. நம் மன்றத்து அன்பர்கள் இதனைத் தத்தம் ஊர்ப் படிப்பகங்களுக்கு வாங்கித் தருக. ஞாயிறுதோறும் மாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, ஊரார் கேட்க ஏற்பாடு செய்க.