பெடல் ‘மெத்’துன்னு போகுதா?

வேப்பூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வர்ற பழைய பிக்கப் வண்டிகளைக் கவனிச்சிருக்கீங்களா? லோடோட சென்னை - திருச்சி ஹைவேயில் போகும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், லைனில் காற்று! பிரேக் ஆயில் அமுங்காது; காற்று அமுங்கும். மிதிக்கிற பலம் அங்கேயே வீணாகிடும். மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போதே பெடல் மெள்ளக் கீழே இறங்கினால், அது கசிவு, இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் கோளாறு.

காற்றை எடுக்க ரெண்டு பேர் வேணும். பொதுவா தூரத்து வீல்தான் முதலில். ஒருத்தர் மிதிச்சுப் பிடிக்க, இன்னொருத்தர் நிப்பிளைத் திறந்து மூடணும். மூடின பிறகுதான் காலை எடுக்கணும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே! ஆயில் டப்பாவும் காலியாகக் கூடாது.

முக்கியமா ஒண்ணு பாஸ்... காற்று சும்மா வராது. வந்த வழியை அடைக்காமல் ஏர் மட்டும் எடுத்தால், அடுத்த சந்தைக்கும் அதே பெடல்தான். டிரைவர் அண்ணன் பத்திரமா வீடு திரும்பணும்ல?