தோல் கலர் பென்சிலும் நம் பிள்ளைகளும்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வல்லம் வடகால் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைகிறோம். முதல் நாள், "நம்ம ஊரை வரைங்க" என்றோம். எல்லாத் தாளிலும் ஒரே ஊர்தான் வந்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. நம் ஊரில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. ஏரி இருக்கிறது, பனை இருக்கிறது, சிப்காட் இருக்கிறது, விடியும் முன்பே வந்து நிற்கும் கம்பெனி பஸ் இருக்கிறது. ஆட்களுக்கு வண்ணம் தீட்டும்போது, "அக்கா, தோல் கலர் குடுங்க" என்றாள் நான்காம் வகுப்புச் சிறுமி. அவள் கேட்டது வெளிர் ரோஜா நிறம். அங்கே இருந்த ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இல்லை.

பிள்ளைகள் மேல் தவறில்லை. கண்ணால் பார்த்ததை வரையலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர்களையும் குறை சொல்ல மாட்டோம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அந்த இருவர்தான் பார்க்க வேண்டும். கலைக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் என்று சட்டம் சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு மட்டும். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அவர்களும் நடுநிலை வகுப்புகளுக்கே. பென்சிலை முதன்முதலில் பிடிக்கும் வயதில் நம் பிள்ளைக்கு ஓவிய ஆசிரியர் இல்லை.

"எழுதப் படிக்கவே தடுமாறுகிறார்கள், படம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும், நம் பெண்கள் கோக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் முதலில் ஒருவர் தாளில் வரைந்த படம்தான். வரைந்தவருக்கு ஒரு சம்பளம், மாட்டுகிறவருக்கு ஒரு சம்பளம். இதே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வேலை வந்ததை வரவேற்கிறோம். ஆனால் அடுத்த தலைமுறையும் மாட்டும் வேலையோடு நின்றுவிட வேண்டுமா?

நிஃப்ட் நுழைவுத் தேர்விலும், கட்டடக் கலைக்கான நாட்டா தேர்விலும் வரையச் சொல்கிறார்கள். நிஃப்ட் தரமணியில்தான் இருக்கிறது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தபின் முதன்முதலாகப் பென்சிலைச் சீவும் பிள்ளை அந்த இடத்தை எப்படிப் பிடிக்கும்? காசுள்ள வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் ஓவிய வகுப்புக்குப் போகிறது. அரசுப் பள்ளியை விட்டால் நம் பிள்ளைக்கு வேறு இடமில்லை.

இது புதிய கோரிக்கையும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்த காலத்தில், 1894இல், கர்னல் ஆல்காட் அடையாறில் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளிகளில் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் கிண்டர்கார்டன் முறையைக் கையாண்டார். 1906இல் அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். மண் பிசைவது, காகிதம் மடிப்பது, பின்னுவது, வரைவது எல்லாம் அந்த முறையின் அடிப்படை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று கண்டதை இன்று ஆடம்பரம் என்று சொல்லலாமா?

நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு குறுவள மையத்துக்கும், பள்ளி பள்ளியாகச் சென்று தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஓவிய ஆசிரியர், நிரந்தரப் பணியில் வேண்டும். ஆதி திராவிடர் நலப் பள்ளிகளில் இதை முதலில் தொடங்க வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுவதோடு நிற்காமல், தாளும் களிமண்ணும் வண்ணமும் ஆண்டு முழுவதும் வாங்கித் தரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம், "காலையில கண்ணால பார்த்ததை வரைங்க" என்றோம். அந்தச் சிறுமி கம்பெனி பஸ்ஸையும் அதில் ஏறும் அம்மாவையும் வரைந்தாள். இந்த முறை தோல் கலர் கேட்கவில்லை. தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பழுப்பு பென்சிலை எடுத்தாள்.