காரணம் சொல்ல மாட்டார்களாம்! பழைய காடி விற்க லைசென்ஸ் கேட்டால் ஏன் இத்தனை கதவுகள்?

காடியைக் கழுவித் துடைப்பது யார்? காடிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட கியர்பாக்ஸ் இறக்குவது யார்? விபத்தில் நசுங்கிய காடியை நடுராத்திரியில் இழுத்து வருவது யார்? நம் பிள்ளைகள்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்த நம் இளைஞர்கள் பலருக்குச் சோறு போடுவது இந்தக் காடித் தொழில்தான்.

ஆனால் அதே காடியை வாங்கி விற்கும் கடைகளின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். அங்கே நம் பெயர் எத்தனை?

"இந்தியர்களுக்கு வியாபாரம் வராது, சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் தெரியும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்களே சிலர் அதற்குத் தலையாட்டுகிறார்கள். வியாபாரம் வராது என்பது பொய். எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் போர்மேனுக்கு அந்தக் காடியின் விலை தெரியாதா? அவனுக்கு இல்லாதது ஒன்றுதான்: லைசென்ஸ்.

சரி, அந்த லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி எளிது. எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் வியாபாரத்தைப் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். யாரும் தடுப்பதில்லை. ஆனால் இது வெறும் பதிவு. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை திறந்துவிட முடியாது.

அடுத்தது ஊராட்சி மன்றம். கடை நடத்த லைசென்ஸ், பெயர்ப் பலகைக்கு லைசென்ஸ், அந்த நிலத்தில் இந்தத் தொழில் செய்யலாம் என்று திட்டப் பிரிவின் சம்மதம், பொம்பாவின் சம்மதம். பழைய பொருள் வியாபாரம் என்றால் 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன் கீழ் லைசென்ஸ் கொடுப்பது போலீஸ். நம்மவர்கள் நிறையப் பேர் செய்யும் பழைய இரும்பு வியாபாரத்தை நெருக்குவதும் இதே சட்டம்தான்.

அதற்கும் முன்னால் இடம் வேண்டும். காடிகளை வரிசையாக நிறுத்த ஒரு கடை லாட் போதாது, திறந்த நிலம் வேண்டும். சாலையோரத்து அரசு நிலத்தில் பல கடைகள் டி.ஓ.எல். என்னும் தற்காலிக அனுமதியில் நடக்கின்றன. இந்த டி.ஓ.எல். என்ன தெரியுமா? 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அது அந்தந்த வருடம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அனுமதி பெற்றவர் இறந்தால் அனுமதியும் அவரோடு போய்விடும். அப்பன் இருபது வருடம் கட்டிக் காத்த இடத்தில், காரியம் முடிவதற்குள் மகன் வேற்றாள் ஆகிவிடுகிறான்.

கடைசியாக பேங்க். இந்த நாட்டில் ரொக்கம் கொடுத்துக் காடி வாங்குகிறவர்கள் குறைவு. கடன் ஏற்பாடு செய்ய முடியாத கடைக்கு யார் வருவார்கள்? கடன் ஏற்பாடு செய்ய, பேங்கின் பட்டியலில் அந்தக் கடை இருக்க வேண்டும். பட்டியலில் சேர லைசென்ஸ், மூலதனம், பழைய கணக்கு எல்லாம் கேட்பார்கள். லைசென்ஸ் கேட்டுப் போனால் இடம் எங்கே என்கிறார்கள். இடம் கேட்டுப் போனால் பணம் எங்கே என்கிறார்கள். பணம் கேட்டுப் போனால் லைசென்ஸ் எங்கே என்கிறார்கள். செக்கு மாடு போல ஒரே இடத்தைச் சுற்றி வருகிறான் நம் பிள்ளை.

சுற்றிக் களைத்தவன் கடைசியில் என்ன ஆகிறான்? புரோக்கர் ஆகிறான். காடியைத் தேடிப் பிடிப்பது அவன், ரிப்பேர் செய்வது அவன், வாங்க ஆள் கொண்டு வருவதும் அவன். ஆனால் கணக்கு ஓடுவது லைசென்ஸ் வைத்திருக்கும் தவுக்கேயின் கடை வழியாக. லாபம் அங்கே, கமிஷன் இங்கே. காடி நடுவழியில் நின்றுபோனால் மட்டும் வாங்கியவர் தேடி வருவது இவன் வீட்டு வாசலுக்கு! சிலர் காடியைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே மாற்றி வாங்கி விற்கிறார்கள். கிராண்ட்டில் ஒரு உரிமையாளர் கூடினால் காடியின் விலை இறங்கும். விற்காமல் கிடந்தால் ரோட் டாக்ஸ், சம்மன் எல்லாம் இவன் தலையில்.

இப்போது நாம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விக்கு வருவோம். மனு போட்டு, வரைபடம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்தபின் "தோலாக்" என்று ஒரு வரியில் கடிதம் வருகிறதே, ஏன் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

சட்டம் சொல்கிறது: இல்லை! 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். லைசென்ஸ் கொடுக்க மறுக்கலாம், புதுப்பிக்க மறுக்கலாம், கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம். எதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. பறித்தால் நஷ்ட ஈடும் இல்லை.

காரணம் சொல்லாத அதிகாரம் யார் கையில் இருக்கிறது? நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் கையிலா? அதுவும் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965ல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் இதே சட்டம் அதற்கு நிரந்தரமாகச் சமாதி கட்டியது. இன்று மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. நமக்குக் காரணம் சொல்லாதவரை அடுத்த தேர்தலில் நாம் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

காரணம் சொல்லாத இடத்தில்தான் ஆதரவுக் கடிதம் பிறக்கிறது. கட்சிக் கிளைத் தலைவரிடம் போ, அவர் சட்டமன்ற உறுப்பினரிடம் கூட்டிப் போவார், அவர் ஒரு கடிதம் கொடுப்பார். உரிமையாகக் கிடைக்க வேண்டியது தயவாகக் கிடைக்கிறது. தயவு கொடுத்தவர் தேர்தல் நேரத்தில் அதை நினைவூட்டத் தவறுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் தலைவர்களைக் கேட்கிறோம்: ஆயிரம் குடும்பத்துக்குக் கதவைத் திறக்க 107ஆம் பிரிவை மாற்றச் சொல்லி எப்போதாவது வாய் திறந்தீர்களா?

"மலாய்க்காரர்களின் சிறப்பு உரிமையைக் கேள்வி கேட்கிறீர்களா?" என்று மிரட்ட வருவார்கள். அரசமைப்பின் 153ஆம் பிரிவை முழுமையாகப் படியுங்கள் என்பதே நம் பதில். லைசென்ஸில் ஒரு பங்கை ஒதுக்கலாம் என்று சொல்லும் அதே பிரிவு, ஒருவரிடம் ஏற்கனவே உள்ள லைசென்ஸை அதற்காகப் பறிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வழக்கமாகப் புதுப்பிக்க வேண்டியதை மறுக்கக் கூடாது, வாரிசுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதைத் தடுக்கக் கூடாது என்கிறது. ஒதுக்கீட்டுக்காக மட்டுமே ஒரு தொழிலைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்கிறது. முதல் பாதியைச் சத்தமாகப் படிப்பவர்கள் மறுபாதியை ஏன் விழுங்குகிறார்கள்?

ஒதுக்கீட்டால் ஏழை மலாய்க்காரராவது வாழ்ந்தாரா? வெளிநாட்டுக் காடிகளை இறக்குமதி செய்யும் ஏ.பி.யைப் பாருங்கள். பூமிபுத்ரா வியாபாரிகளை வளர்க்கக் கொண்டு வந்தது. 2005ல் டாக்டர் மகாதீரே கேள்வி எழுப்ப, பெயர்ப் பட்டியல் வெளியே வந்தது. ஒரு சிலர் கையில் ஆயிரக்கணக்கான ஏ.பி.! 2010ல் நிறுத்துவோம் என்று 2006ல் சொன்னார்கள். பிறகு 2015 என்றார்கள். 2015ம் போனது, ஏ.பி. போகவில்லை. கம்போங்கில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்யும் மலாய்க்காரப் பையனுக்கு இதில் என்ன கிடைத்தது? அவனும் நம் பிள்ளையைப் போலத்தான் வெளியே நிற்கிறான். மேலே இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், கீழே இருப்பவர்களை மோத விடுகிறார்கள்.

நம் நிலை என்ன? 1970ல் நாட்டின் நிறுவனப் பங்குகளில் இந்தியர் கையில் இருந்தது 1.1 விழுக்காடு. 2004ல் 1.2 விழுக்காடு. 34 வருடத்தில் நாம் ஏறிய ஏற்றம் இவ்வளவுதான்! 2020க்குள் 3 விழுக்காடு ஆக்குவோம் என்று 9ஆவது மலேசியத் திட்டத்தில் எழுதினார்கள். 2017ல் இந்தியர் புளூபிரிண்ட் என்று இன்னொரு புத்தகம் போட்டார்கள். 2024ல் தெக்குன் வழியாக 3 கோடி ரிங்கிட்டில் ஸ்புமி கடன் என்றார்கள், ஒருவருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை. கடனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடை திறக்க லைசென்ஸ் இல்லாதவனுக்குக் கடன் கொடுத்தால் மிஞ்சுவது கடன் மட்டும்தான்.

நாம் கேட்பது சலுகை அல்ல. நான்கே நான்கு கோரிக்கைகள்:

1. லைசென்ஸ் மறுத்தாலும் பறித்தாலும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். 107ஆம் பிரிவு அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும்.

2. மனு கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் பதில் வரும் என்பதை ஒவ்வொரு மன்றமும் எழுதி ஒட்ட வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு கேட்கத் தனி வாரியம் வேண்டும்.

3. எந்த இடம், எந்தத் தொழில், யாருக்கு லைசென்ஸ், யாருக்கு டி.ஓ.எல். என்ற பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

4. டி.ஓ.எல். நிலத்தில் பல வருடம் தொழில் செய்த குடும்பத்துக்கு, உரியவர் இறந்தால் முதல் வாய்ப்பு கிடைக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை கைகட்டி நிற்க வேண்டாம். வாய் வார்த்தையை நம்பாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள், சாப் குத்திய நகலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். "தோலாக்" என்று வந்தால் காரணம் கேட்டு உடனே கடிதம் எழுதுங்கள். எல்லையற்ற அதிகாரம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது என்று ஸ்ரீ லெம்பா வழக்கில் ராஜா அஸ்லான் ஷா தீர்ப்பளித்திருக்கிறார். அரசு அலுவலகத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். அதைத் தவற விட்டால் வழக்குக் கதவும் மூடிவிடும். வக்கீல் செலவு ஒருவரால் தாங்காது. மறுக்கப்பட்ட பத்துப் பேர் ஒன்று சேர்ந்தால் தாங்கும். ஒரே மன்றம் மறுத்த பத்துக் கடிதங்கள் ஒரே மேசையில் விழுந்தால், "இவன் மனு சரியில்லை" என்று தட்டிக் கழிக்கவும் முடியாது.

அடுத்தவர் லைசென்ஸில் வாடகைக்கு ஓடுவதை நம் பிள்ளைகள் விட வேண்டும். அதைவிட முக்கியம், ஆதரவுக் கடிதத்துக்காகப் பெற்றோர்கள் வாசல் வாசலாக நிற்பதை விட வேண்டும். நாம் நிற்கும் வரை அவர்கள் சட்டத்தை மாற்ற மாட்டார்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அரிசிப் பை எத்தனை என்று கேட்காதீர்கள். 107ஆம் பிரிவுக்கு உங்கள் பதில் என்ன என்று கேளுங்கள்!