ஏரிக்கரைக்குக் குடிபோனவர்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. போய்ப் பார்த்தால் ரோடு இருக்கும், வீடு இருக்கும், ஏரி மட்டும் இருக்காது! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மிச்சமிருந்ததில் ஒரு பகுதியில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழும்பியது.

ஏரியை அழித்தது யார் என்று கேட்டால் உடனே குடிசைக்காரர்களைக் கை காட்டுகிறோம். தி.நகரைப் போட்டது அரசாங்கம். வேளச்சேரி ஏரியில் ஒரு பகுதியை வீட்டு வசதி வாரியத்துக்குக் கொடுத்ததும் அரசாங்கம்தான். 2007ல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் பட்டா, அப்ரூவல், பேங்க் லோன் எல்லாம் வைத்திருப்பவரை யார் அகற்றுவது?

இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. ஏரி என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் அல்ல. வரத்து வாய்க்கால், கரை, மதகு, கலங்கல், அதற்குக் கீழே ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. நஞ்சையில் நெல் விளைந்தவரை, தண்ணீர் தேவைப்பட்டவர்களே கூடி வாய்க்காலைத் தூர் வாரினார்கள். நஞ்சை பிளாட்டாக மாறியதும் ஏரி அநாதையாகிவிட்டது. புதிதாக வந்தவருக்கு மதகும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது. அவருக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது! மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு அவர் ஹாலுக்கே வந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் படகு விட்டது ஞாபகம் இருக்கும்.

அதற்காக ஏரிக்கரைக்குக் குடிபோனவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி அரை கிரவுண்டு வாங்கியவர்கள் அவர்கள். சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்களே திரண்டு, குப்பை அள்ளி, மனு மேல் மனு போட்டுத் தங்கள் ஏரிக்காகப் போராடினார்கள். பிறகு அரசும் பணம் ஒதுக்கிச் சீரமைத்தது. என்னைக் கேட்டால், பழைய ஆயக்கட்டுக்காரர்களின் இடத்தில் இன்று இருக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்ட குடியிருப்போர் சங்கங்கள்தான். தெரு விளக்குக்கும் ரோட்டுக்கும் மனு கொடுப்பதோடு, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வாய்க்காலைப் போய்ப் பார்க்கிற வேலையையும் அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அது சென்னைக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?" என்கிறீர்களா? விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்டே ஏரி இருந்த இடம்தான். நல்ல மழை பெய்தால் பஸ் நிற்கிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது. 2024ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் நம்ம முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, டிசம்பர் 2 அன்று சென்னை ரயில்கள் நின்றுபோயின. இதெல்லாம் நம் ஊர்க்கதை.

இன்றைக்கு இங்கேயும் ஹைவேஸ் ஓரம் வயலில் கல் நட்டுப் பிளாட் போடுகிறார்கள். வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கிராம வரைபடத்தில் ஏரியும் வாய்க்காலும் எங்கே ஓடுகின்றன என்று ஒரு தடவை பாருங்கள். அந்த ஊர்ப் பெரியவர் யாரிடமாவது, "மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும் தாத்தா?" என்று கேளுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் கல் நட்டிருந்தால், தயவுசெய்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.