கைக்கு வராத செல்வத்துக்கு வரியா?

தொழிலாளியையும் முதலாளியாக்கும் புதுமை என்று அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பனிகள் நெடுங்காலமாகப் பறைசாற்றிவரும் ஏற்பாடொன்று உண்டு. கம்பனியின் பங்குகளை முன்னரே குறித்த விலைக்குப் பின்னொரு நாளில் வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சம்பளத்தோடு ஊழியருக்கு அளிப்பதே அது. விலை ஏறினால் ஆதாயம். இறங்கினால் உரிமையைக் கைவிட்டுவிடலாம். இவ்வளவு இனிய ஏற்பாடு, பொருளுக்குக் கேள்வி குன்றிய காலத்தில் ஊழியரைக் கடனாளியாக்கிய வரலாற்றை, கடல் கடந்து அத்துறையிற் பணிபுரியச் செல்லும் நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

2000ஆம் ஆண்டு மார்ச் 10இல் நாஸ்டாக் சுட்டெண் 5,048இல் நின்றது. பின்னர் இணையக் கம்பனிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் கருவிகள் வாங்குவதைக் குறைத்தன. 2001 ஏப்ரிலில் சிஸ்கோ, விலைபோகாது குவிந்த சரக்குக்காக 225 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. ஏறத்தாழ 8,500 பேரை நீக்குவதாகவும் அறிவித்தது. 2002 ஒக்டோபரில் சுட்டெண் 1,114.

வேலை போனது ஒரு துயர். வரிச்சட்டம் இழைத்தது வேறொன்று. ஊக்கப் பங்குரிமை எனப்படும் வகையில், பங்கை வாங்கிய நாளின் சந்தை விலைக்கும் ஊழியர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, 'மாற்றுக் குறைந்தபட்ச வரி' என்னும் கணக்கில் அந்நாட்டுச் சட்டம் வருமானமாகக் கொள்கிறது. பங்கு விற்கப்பட்டிருக்க வேண்டியதில்லை! 100 டொலர் விலைபோகும் பங்குகளில் ஆயிரத்தை, ஒரு டொலர் வீதம் ஒருவர் வாங்கினார் என்று கொள்வோம். 99,000 டொலர் வருமானம் என்கிறது சட்டம். 25,000 டொலரை அண்மித்த வரி விழக்கூடும். வரி செலுத்தும் நாளுக்குள் பங்கு 5 டொலருக்கு வீழ்ந்தால், அனைத்தையும் விற்றாலும் 5,000 டொலர்தானே தேறும்? மிகுதிக்கு வீட்டை விற்பதா?

பேராசையால் விற்காது வைத்திருந்தனர் என்று கூறுவோரும் உளர். வாங்கியபின் ஓராண்டேனும் வைத்திருப்போருக்குக் குறைந்த வரி என்று ஆசை காட்டியது அதே சட்டமன்றோ! கணக்காளரின் ஆலோசனை பெற்று ஆண்டு முடியுமுன் விற்றவர் இவ்வரிக்குத் தப்பினர். சட்டத்தின் சொல்லை நம்பியவரே அகப்பட்டனர்.

நிலுவையில் நின்ற இவ்வரியையும் அதன் வட்டியையும் தண்டத்தையும் கொங்கிரஸ் ரத்துச் செய்தது 2008 ஒக்டோபரில். அதுவும் வங்கிகளைக் காக்க 70,000 கோடி டொலருக்கு வழிவகுத்த சட்டத்தோடு ஒட்டியே. வங்கிகள் தள்ளாடாதிருந்தால் இவ்வூழியர் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பரோ?

கடந்த பாக்கி நீங்கியது; விதி நீங்கவில்லை. 2022இல் கேள்வி மீண்டும் தளர்ந்தது. அந்நவம்பரில் மெற்றா கம்பனி மட்டும் 11,000 பேரை நீக்கியது. சந்தையிற் பட்டியலிடப்படாத கம்பனிகளின் ஊழியர் நிலையோ இன்னும் இக்கட்டானது. வேலை போனால் 90 நாளுக்குள் உரிமையைப் பயன்படுத்து, அன்றேல் இழ என்பதே அங்கு பல ஒப்பந்தங்களின் வாசகம். சம்பளம் நின்றவர், விற்க இயலாத பங்குக்கு விலையும் தரவேண்டும், வரியும் இறுக்கவேண்டும்.

விற்றுப் பணம் பெறும் நாளிலேயே வரி அறவிடப்படல் வேண்டும் என்பதே நமது கருத்து. சட்டம் திருந்தும்வரை, கையொப்பமிடுமுன் அந்த 90 நாள் வாசகத்தை நீக்குமாறு கேட்க நம் இளைஞர் தயங்கலாகாது. அதை ஆண்டுக்கணக்கில் நீட்டிக் கொடுத்த கம்பனிகளும் உள.