எலக்ட்ரிக் கார் புக்கிங்: காத்திருந்தால் லாபமா, நஷ்டமா?

புது எலக்ட்ரிக் கார் அறிவிப்பு வந்ததுமே பலருக்கும் எழும் கேள்வி: இப்பவே புக் பண்ணிட்டு காத்திருக்கலாமா? டெஸ்லா மாடல் 3 கதையைப் பார்த்தால் பதில் புரியும்.

2016 மார்ச் 31-ல் 1,000 டாலர் முன்பணத்துடன் புக்கிங் தொடங்கியது. ஆரம்ப விலை 35,000 டாலர் என்றார்கள். 2017 ஜூலையில் டெலிவரி ஆரம்பமானது. ஆனால் முதலில் வந்தவை விலை கூடிய கார்கள். 35,000 டாலர் கார் விற்பனைக்கு வந்தது 2019 பிப்ரவரி இறுதியில்தான்.

அதற்குள் என்ன ஆச்சு?

அமெரிக்க அரசு கொடுத்த வரிச்சலுகை 7,500 டாலர். ஒரு நிறுவனம் 2 லட்சம் கார்களை விற்றபின் இது படிப்படியாகக் குறையும் என்பது அப்போதைய விதி. டெஸ்லா 2018-ல் அந்த எண்ணிக்கையைத் தொட்டது. 2019 ஜனவரியில் சலுகை பாதியானது. மலிவான காருக்காகக் காத்திருந்தவர்களுக்கு 3,750 டாலர் கைநழுவிப் போனது.

இந்தியாவில்?

இங்கிருந்தும் சிலர் 2016-லேயே புக் செய்தனர். டெஸ்லா மும்பையில் ஷோரூம் திறந்தது 2025 ஜூலையில். வந்ததோ மாடல் ஒய், விலை சுமார் 60 லட்சம் ரூபாய்.

அப்போ என்ன செய்யலாம்?

புக்கிங் என்பது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். விலைக்கோ சலுகைக்கோ அது உத்தரவாதம் இல்லை. முன்பணம் முழுசா திரும்பக் கிடைக்குமா, டெலிவரி நாளில் எந்த விலை என்பதை எழுத்தில் பாருங்கள். இப்போதைய வண்டி இன்னும் 2 வருஷம் தாங்கும் என்றால் காத்திருக்கலாம். தாங்காது என்றால், ஷோரூமில் இன்று நிற்கும் காரே நல்லது.